பெரியவர் உயிரோடு இருக்கிறார்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் ஒரே ஒரு முறை மணியடித்து நின்றுவிடும். நான் பஸ் கண்டக்டர். நெரிசலில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் எவன் டிக்கெட் எடுக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்குச் சொந்த வீட்டுக்கு வருகிற மிஸ்டு கால் யாருடையது என்று தெரியவில்லை. கேட்டால் அம்மா, "ராங் நம்பர்டி, விடு" என்பாள். ஒரு தடவை நான் முந்திக்கொண்டு எடுக்கப் போனேன். கையிலிருந்த கரண்டியால் புறங்கையில் ஒரு போடு போட்டாள். கழுதை வயசான என்னை அடிக்கிறாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மணி அடித்து ஓய்ந்ததும் அவள் முகம் தெளிந்துவிடும். அன்றைக்கு மட்டும் சமையலில் உப்பு சரியாக இருக்கும்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில்தான் சொன்னாள்.

"உங்கப்பா சாகல. ஞாயித்துக்கிழமை அடிக்கிறது அவர்தான். உயிரோட இருக்கேன்னு அர்த்தம்."

மருந்து மயக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். "அப்ப ஏன் ஒரு நாளும் எடுக்கல?"

"எடுத்தா பேசணும். பேசினா அழுகை வரும். அழுதா அக்கம்பக்கத்துக்குக் கேக்கும். செத்தவர்கூட எவடி போன்ல பேசுவா?"

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பா வெளிநாட்டுக்குப் போனார், கப்பல் பட்டறை வேலைக்கு. திரும்பி வரவே இல்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்துவிட்டதாகவும் அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகவும் தகவல் வந்தது. ஒரு சட்டையும் ஒரு கைக்கடிகாரமும் வந்தன. அம்மாவுக்கு அரசாங்கத்தின் விதவைப் பென்ஷன் வந்தது. ஒழுகிக்கொண்டிருந்த கூரை அதற்கப்புறம்தான் சரியானது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நான்கூட ஒரு முறை வயிற்றெரிச்சலில் சொல்லியிருக்கிறேன். அம்மா அப்போது தலையைக் குனிந்துகொண்டாள். இப்போதுதான் புரிகிறது ஏன் குனிந்தாள் என்று.

அம்மா போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையும் மணி அடித்தது. நான் அந்த எண்ணைத் திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்தார்கள். பின்னால் 'ஸ்ஸ்...' என்று காற்று போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பாவா?" என்றேன்.

அப்புறம் ஒரு குரல் வந்தது. "இது பெரியவர் வீடு."

"நான் வரேன். எங்க இருக்கீங்க?"

"வேணாம்மா." மறுபடியும் அந்தக் காற்றுச் சத்தம். "வந்தே தீருவேன்னா, பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிக்கிட்டு வா." முகவரியை மளமளவென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டியதில்லை. செத்தவருக்கு எந்த நாடு பாஸ்போர்ட் கொடுக்கும் என்றெல்லாம் யோசிக்கவில்லை. அம்மா போய்விட்டாள், இனி யாருக்காக அவர் செத்திருக்க வேண்டும்? சீட்டுப் பணத்தை எடுத்தேன், லீவு போட்டேன், விமானம் ஏறிவிட்டேன்.

*

வயதான தொழிலாளர்களுக்கென்று அந்த நாட்டு அரசாங்கம் கட்டிக் கொடுத்த அடுக்குமாடிக் கட்டடம். நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். காலை நேரம்தான், வெயில் நன்றாக அடித்தது. ஆனாலும் அந்த மாடியில் ஒரு வானொலிச் சத்தம்கூட இல்லை. கதவைத் தட்டினேன்.

திறந்த கிழவருக்கு இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டுத் தழும்பு. அப்பா கடைசியாக அனுப்பின போட்டோக்களில் அந்தத் தழும்பு உண்டு. இரும்புக் கம்பி பட்டதென்று எழுதியிருந்தார்.

"வாயாடி!" என்றார் கிழவர்.

அப்பா என்னைக் கூப்பிடுகிற பெயர். அதை அம்மாகூடச் சொன்னதில்லை. "அப்பா" என்று காலடியில் உட்காரப் போனேன். அதற்குள் அடுப்படியிலிருந்து இன்னொருவர் எட்டிப் பார்த்தார். "வாயாடியா வந்திருக்கா?"

அவருக்கும் இடது புருவத்தில் தழும்பு. அதே இடம், அதே நீளம்.

உள்ளே சுவரோரம் பாயில் ஒருவர் மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். போனில் நான் கேட்ட காற்றுச் சத்தம் அதுதான். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். தழும்பு. "வாயாடி," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு, "வளந்துட்டியே."

மூன்று பேருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய தலை, ஒரே மாதிரி மீசை, ஒரே சாம்பல் நிறச் சட்டை. எழுந்து நடந்த இரண்டு பேருக்கும் வலது கால் லேசாக இழுத்தது. எத்தனை ஆயிரம் முகங்களைப் பார்த்தவள் நான்! பெற்ற தகப்பன் முகம் எது என்று தெரியாமல் பேயறைந்தவள் போல நின்றேன்.

"உங்கள்ல எங்கப்பா யாரு?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவைத் திறந்தவர்தான் சொன்னார். "இன்னைக்குப் பார்த்தா வந்திருக்கே. பதினோரு மணிக்கு நலத்துறை அதிகாரி வர்றாங்க. அவங்க வந்துட்டுப் போகட்டும். அப்புறம் எல்லாம் சொல்றோம். அதுவரைக்கும் இந்த வீட்டுல அப்பா, பொண்ணு எல்லாம் கிடையாது. பெரியவர் மட்டும்தான்."

"அம்மா செத்துட்டாங்க," என்றேன். இதைச் சொல்லத்தானே அவ்வளவு தூரம் வந்தது. யார் முகம் உடைகிறதென்று பார்த்துவிடலாம் என்ற கள்ளத்தனமும் இருந்தது. மூன்று பேர் முகமும் உடைந்தது. மூன்று பேரும் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார்கள். ஒருவர்கூட மற்றவரைவிட அதிகமாக அழவில்லை, குறைவாகவும் அழவில்லை.

*

அடுப்படியில் இருந்தவர் சமையல்காரர், வாய் ஓயாதவர். பாயில் கிடந்தவர் வெல்டர். கதவைத் திறந்தவர் கொத்தனார். ஊரிலிருந்து கொண்டுவந்த தொழில்கள் அவை, ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். கொத்தனாருக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டே சமையல்காரர் கதையைச் சொன்னார்.

கூட்டிவந்த ஏஜென்ட் ஓடிவிட்டான். அப்போது அவர்கள் ஐந்து பேர், அதில் பெரியவர் என்று கூப்பிடப்பட்ட மூத்தவர் ஒருவருக்குத்தான் சரியான பேப்பர் இருந்தது. பட்டறையில் மூன்று ஷிப்ட். ஒரே கார்டில் ஐந்து பேரும் மாறி மாறி வேலைக்குப் போனார்கள். கார்டில் இருந்த போட்டோவில் பெரியவருக்குப் புருவத்தில் தழும்பு.

"சவர பிளேடுதான்," என்றார் சமையல்காரர். "ஒரே கீறு. உங்கப்பன் மட்டும் கத்தினான்."

"பட்டறை கேட்டுல யாரும் கண்டுபிடிக்கலையா?" என்றேன்.

"கண்டுபிடிச்சா அவங்களுக்குத்தானே நஷ்டம்? கணக்குப்படி பார்த்தா பெரியவர் வருஷக்கணக்கா தூங்கவே இல்லை. மூணு ஷிப்டும் அவர்தான். ஒரு வருஷம் சிறந்த தொழிலாளின்னு கடிகாரம்கூடக் குடுத்தாங்க. மனுஷன் எப்படிய்யா தூங்காம இருப்பான்னு ஒருத்தன் கேக்கல. முதியோர் நிதிக்குப் பிடித்தம் மட்டும் மாசாமாசம் ஒழுங்காப் போச்சு."

"அஞ்சு பேர் சம்பளத்துலயும்," என்றார் கொத்தனார்.

"அஞ்சு பேர் சம்பளத்துலயும் பிடிச்சாங்க. வயசானதும் குடுக்கறது ஒரு கிழவனுக்கு. ஒரு பென்ஷன், ஒரு வீடு, ஒரு மருத்துவ அட்டை. அதனால நாங்க ஒரு கிழவனா ஆயிட்டோம்." சிரித்தார். "டாக்டருக்குத்தான் மண்டை காயும். ஒரு வாரம் பெரியவருக்கு முட்டிவலி, மறுவாரம் மூச்சுத்திணறல். சர்க்கரை இருக்கும், காணாமப் போகும், திரும்ப வந்துடும்."

நானும் சிரித்துவிட்டேன். டிக்கெட் ஒன்று, பயணி ஐந்து. என் பஸ்ஸாக இருந்தால் நடுரோட்டில் இறக்கிவிட்டிருப்பேன். ஆனால் இவர்கள் ஐந்து டிக்கெட்டுக்குக் காசு கட்டியவர்கள் அல்லவா? யாரைப் பிடித்துக் கேட்பது?

பதினொரு வருஷத்துக்கு முன்னால் உண்மையான பெரியவர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் செத்தால் எல்லாம் போச்சு. ஆனால் உடம்பு ஒன்று கிடக்கிறது, வேறு யாராவது செத்தாக வேண்டும். "என் பேரை வெச்சுக்கோங்க, ஊர்ல கூரை ஒழுகுது" என்று முன்வந்தது அப்பா. அப்படித்தான் பெரியவரை அப்பாவின் பெயரில் புதைத்தார்கள்.

சவரம் முடிந்தது. கொத்தனார் எழுந்து ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதுவரை அவரை "டேய்" என்று கூப்பிட்ட சமையல்காரர் சட்டென்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "பெரியவரே, குடிக்க ஏதாவது வேணுமா?" என்றார். விளையாட்டாக அல்ல. கொத்தனாரின் முகமும் மாறியிருந்தது. குரல் தடித்து, யாரோ உள்ளேயிருந்து பேசுவது போல, "வேணாம்" என்றார்.

"பிறந்த ஊர்?" என்று கேட்டார் சமையல்காரர். மூன்று பேரும் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒரே குரலில் ஊரைச் சொன்னார்கள். தாயார் பெயர், முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தபோது அடித்த மழை, புருவத்தில் காயம் பட்ட கதை. வெல்டர் மூச்சுக்கு நடுவே சொன்னதால் அவர் குரல் மட்டும் எதிரொலி மாதிரி பின்னால் வந்தது.

"கல்யாணம்?"

"ஆகல."

"பிள்ளைங்க?"

"இல்லை."

மூன்று 'இல்லை'. அதில் ஒன்று என் தகப்பனுடையது. வாசலைத் திறந்துகொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

*

உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாக வருஷம் ஒரு முறை கைரேகை வைக்கச் சொல்லும் மெஷினில் பெரியவர் ரேகை விழாது. இரும்பையும் சிமெண்டையும் தேய்த்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? ரேகை விழாத கிழவர்களை நேரில் வந்து பார்க்கத்தான் அந்த அதிகாரி. அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சமையல்காரர் படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டார். வெல்டரால் படி இறங்க முடியாது. குளியலறைக்குள் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தோம். பிறகு கொத்தனார், வெல்டரின் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றினார்.

"என்ன பண்றீங்க?"

"சிலிண்டர் பெரியவர் பேர்ல இருக்கு. பெரியவர் மூக்குலதான் இருக்கணும்." குழாயைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார்.

"இவருக்கு?"

வெல்டர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "கேள்வி கொஞ்சம்தாம்மா. அதுவரைக்கும் தாங்கும்." குளியலறைக் கதவை நானே சாத்தினேன்.

அதிகாரி சின்னப் பெண், அந்த ஊரிலேயே பிறந்த தமிழ்ப் பெண். வேர்த்துக் களைத்து வந்தாள், நல்ல மாதிரி. "ஐயா, நல்லா இருக்கீங்களா? போன தடவைக்கு இப்ப இளைச்சிருக்கீங்க," என்றாள். என்னைப் பார்த்தாள்.

"பக்கத்து வீடு," என்றேன்.

கேள்விகள் ஆரம்பித்தன. ஊரைச் சொன்னார். தாயார் பெயரைச் சொன்னார். மழையைச் சொன்னார். அதிகாரி கைக்கணினியில் தட்டிக்கொண்டே வந்தாள். குளியலறையில் மெல்லிய இரைச்சல் ஆரம்பித்தது. விசில் போல உள்ளே போய், வெளியே வர மறுக்கிற மூச்சு.

"அது என்ன சத்தம்?"

"குழாய் ஒழுகுது மேடம். சொல்லிச் சொல்லி அலுத்துட்டோம், யாரு வந்து பாக்கறாங்க?" என்று எரிந்து விழுந்தேன். அரசாங்க ஆளை வாயடைக்க வைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. அவள் மன்னிப்புக் கேட்பது போலத் தலையாட்டினாள்.

"கல்யாணம் ஆகல, இல்லையா ஐயா? பிள்ளைங்களும் இல்ல."

கொத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து வழிந்தது.

"ஒரு பொண்ணு," என்றார்.

அதிகாரியின் விரல் நின்றது. "பொண்ணா? இதுல அப்படி இல்லையே ஐயா."

"இதோ நிக்கறாளே. என் பொண்ணு. என்னைத் தேடி வந்திருக்கா."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கடல் தாண்டி வந்தேன். கொத்தனார்தான் அப்பா! அந்தக் காலில் விழ வேண்டும், அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் குளியலறைக் கதவை உள்ளேயிருந்து யாரோ நகத்தால் சுரண்டினார்கள். கூப்பிடுகிற சுரண்டல் இல்லை, பிடிமானம் தேடுகிற சுரண்டல். அதிகாரி என்னிடம் திரும்பினாள். "நீங்க பக்கத்து வீடுன்னீங்க?"

என் வாய் எனக்கு முந்திக்கொண்டது. "அட, நீங்க வேற மேடம்! போன வாரம் தபால்காரரைத் தம்பின்னாரு. நேத்து என்னை அம்மான்னாரு, இன்னைக்குப் பொண்ணு. வயசு குறையுதேன்னு நானும் சும்மா இருக்கேன்."

அதிகாரி சிரித்தாள். கிழவர் விடவில்லை. "இல்லம்மா, இவ என் பொண்ணுதான், நான் தூக்கி வளத்த பொண்ணு..." சுரண்டல் நின்றுவிட்டது. அது நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாற்காலிக்கு முன் குனிந்து, பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில் சொன்னேன். "பெரியவரே, நான் உங்க பொண்ணு இல்ல. உங்களுக்குப் பொண்ணே கிடையாது."

அவர் முகத்திலிருந்து எதுவோ வடிந்து போனது. "ஆமா," என்றார் பெரியவரின் தடித்த குரலில். "இல்லை."

"ஞாபகமறதின்னு போட்டுடறேன். மாத்திரை அனுப்புவாங்க," என்றாள் அதிகாரி இரக்கத்தோடு. புருவம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டாள். பெரியவர் இன்னும் ஒரு வருஷம் உயிரோடு இருப்பார்.

அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்கியதும் சிலிண்டரை இழுத்துக்கொண்டு ஓடினோம். வெல்டர் சுவரில் சரிந்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். குழாயை மாட்டி, மார்பைத் தேய்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல், "ஐயா, ஐயா" என்று கத்தினேன். மூச்சு திரும்பியது. கண் திறந்தார்.

அப்புறம்தான் நான் உடைந்தேன். கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வேற வழி தெரியல. அப்படிச் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்கப்பா," என்று அழுதேன்.

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. "நான் உங்கப்பா இல்லம்மா," என்றார்.

வெல்டரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். வாசலில் திரும்பி வந்து நின்ற சமையல்காரர் தரையைப் பார்த்தார்.

"போன மழைக்காலத்துல போயிட்டான்," என்றார் கொத்தனார். "தூக்கத்துலதான். அவனை எந்தப் பேர்ல புதைக்க? அவன் பேரை ஏற்கெனவே புதைச்சாச்சே. என் பேரைக் குடுத்தேன்."

ஐந்து பேரில் பெரியவர் போனால் மிச்சம் நான்கு பேர் இருக்க வேண்டும் என்று கண்டக்டரான நான் தலையை எண்ணவே இல்லை.

"அப்ப ஏன் என்னைப் பொண்ணுன்னு..."

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. உன் வயசுதான். நான் செத்துட்டேன்னு ஊர்ல அழுது முடிச்சிருப்பா. நீ அப்பான்னு கூப்பிட்டு வந்து நின்னதும்... வாய் தவறிடுச்சு தாயி."

வாரா வாரம் மணி அடித்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "கடைசியா அவன் கேட்டது அது ஒண்ணுதான். அவளுக்கு மணி அடிச்சுடுங்கடா, இல்லேன்னா பயந்துடுவான்னு. நாங்க முறை வெச்சு அடிச்சோம்."

என் அம்மா பத்து வருஷத்துக்கு மேல் பொய்யான விதவையாக இருந்தாள். கடைசிச் சில மாதங்கள் நிஜமான விதவையாக இருந்தாள். அது தெரியாமலேயே போய்ச் சேர்ந்தாள்.

*

மறுநாள் கொத்தனார் என்னை மயானத்துக்குக் கூட்டிப்போனார். அப்பாவின் பெயர் எழுதின கல் ஒன்று இருந்தது. அதன் கீழே பெரியவர். நாலு வரிசை தள்ளி கொத்தனாரின் பெயர் எழுதின புதுக் கல். அதன் கீழே அப்பா. கொத்தனார் தன் பெயரின் மேல் படிந்திருந்த மண்ணைத் துண்டால் துடைத்தார், ஓரத்தில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினார், தள்ளி நின்றார். யாருடைய பெயரையோ பார்த்து நான் அழுதேன். அவர் பெண்ணும் இப்படித்தானே எங்கேயோ உட்கார்ந்து என் அப்பாவுக்காக அழுதிருப்பாள்!

"உங்க பொண்ணுகிட்ட நான் போய்ச் சொல்லட்டுமா?"

"வேணாம்மா. அவங்கம்மாவுக்கு விதவைப் பென்ஷன் இப்பதான் வர ஆரம்பிச்சிருக்கு."

இனிமேல் மணி அடிக்க வேண்டாம், கேட்க அம்மா இல்லை என்று மூன்று பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். சரி என்றார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மேஜை மேல் அம்மாவின் போன். அது அடிக்காது என்று தெரியும். ஆனாலும் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். வழக்கமான நேரத்துக்கு ஒரு முறை அடித்து நின்றது.

இப்போதும் வாராவாரம் அடிக்கிறது. கொத்தனாரா, சமையல்காரரா, வெல்டர் இன்னும் இருக்கிறாரா, எனக்குத் தெரியாது. நான் எடுப்பதில்லை. எடுத்தால் அது அவர்களில் யாராவது ஒருவராகத்தான் இருக்கும். எடுக்காதவரைக்கும் அது அப்பா.